குமரி மாவட்டமும் டிஜிட்டல் தொழில்நுட்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தைச் சீர்செய்யும் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்று எவற்றைச் சொல்கிறோம்?

குடிநீர்க் குழாயில் பொருத்தும் மீட்டர், அணையின் நீர்மட்டத்தைத் தானாகவே அனுப்பும் கருவி, பேருந்தில் உள்ள ஜி.பி.எஸ்., குப்பை வண்டியின் வழித்தடப் பதிவு, செயற்கைக்கோள் படம், வீட்டு வரி கட்டும் இணையதளம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவை செய்வது நான்கு வேலைகள்: அளப்பது, அளந்ததை ஓரிடத்தில் சேர்ப்பது, சேர்த்ததை வரைபடத்தின் மீது வைத்துப் பார்ப்பது, பார்த்ததைக் கொண்டு உரியவர் உடனே செயல்பட வழிசெய்வது. முதல் மூன்று வேலைகளுக்குக் கருவியும் மென்பொருளும் போதும். நான்காவதற்கு ஆள் வேண்டும். கருவி வாங்கும் கோப்பில் அந்த ஆளின் பதவியும் எழுதப்படவில்லை என்றால், திட்டத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன் ஒருமுறை யோசிப்பது நல்லது. கீழே வரும் விடைகள் அனைத்தும் இந்தக் கருத்தை அடியொற்றியே எழுதப்பட்டுள்ளன.

இது நாகர்கோவிலுக்கு மட்டும் உரிய பேச்சா?

இல்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர் வசித்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்ற அந்த நெருக்கம், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடத்தில் இருந்தது. மக்களில் சுமார் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தவர் என்றும் அதே கணக்கெடுப்பு பதிவு செய்தது. ஆனால் இந்த நகர்ப்புறம், நெருக்கமான தெருக்களும் அடுக்குமாடிகளுமாக நிற்கும் நகர்ப்புறம் அன்று. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து பேருந்தில் வருபவருக்கு ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பது கடைப்பலகைகளைப் படித்தால்தான் தெரியும். தென்னையும் வாழையும் ரப்பரும் நிற்கும் விளைகளுக்கு நடுவே வீடுகள் விட்டுவிட்டு, ஆனால் இடைவெளியே இல்லாமல், தொடர்ந்துகொண்டே இருக்கின்றன.

நிர்வாகமோ பல துண்டுகளாக இருக்கிறது. 2019-இல் தரம் உயர்ந்த நாகர்கோவில் மாநகராட்சி, பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு ஆகிய நான்கு நகராட்சிகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள், ஏறத்தாழ நூறு ஊராட்சிகள் என்று எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஓடும் தண்ணீரும் குப்பை வண்டியும் பேருந்தும் இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. ஆகவே, வேறு மாவட்டங்களில் ஒரு மாநகராட்சி தனியாகச் செய்துகொள்ளும் ஏற்பாட்டை இங்கே மாவட்டம் முழுவதற்குமாகச் செய்வதே பொருந்தும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நாகர்கோவில் இடம்பெற்றதா?

இடம்பெறவில்லை. 2015 ஜூன் 25 அன்று தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் நாடு முழுவதும் 100 நகரங்கள் தேர்வாயின. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி உள்ளிட்ட 11 நகரங்கள் அதில் இருந்தன. அண்டையிலுள்ள திருவனந்தபுரமும் 2017-இல் சேர்ந்தது. 2025 மார்ச் 31-ஆம் தேதியுடன் திட்டக்காலம் முடிந்துவிட்டது.

இதைப் பெரிய இழப்பாகக் கருத வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. திட்டத்தில் சேர்ந்த நகரங்கள் அனைத்திலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் அமைக்கப்பட்டது. சுவர் முழுக்கத் திரைகள், கேமராக் காட்சிகள், வண்ண வண்ண வரைபடங்கள். அவற்றில் பயன் இல்லாமல் இல்லை. கொரோனாக் காலத்தில் பல நகரங்கள் அந்த மையங்களையே நோய்த்தடுப்புப் பணிக்குப் பயன்படுத்திக்கொண்டன. எனினும், பின்னால் வருபவருக்கு ஒரு வசதி உண்டு. விலை குறைந்த கருவிகள் இப்போது கிடைக்கின்றன. எந்தச் செலவு தேவை, எது வெறும் காட்சிப்பொருள் என்பதை மற்ற ஊர்களின் அனுபவத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அப்படியென்றால் எதில் தொடங்க வேண்டும்?

தண்ணீரில் தொடங்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரண்டு பருவமழைகளையும் பெறுகின்ற இந்த மாவட்டத்தில், கோடையில் குடிநீருக்காகக் குடங்களை வரிசையில் வைக்கும் நிலை ஏன் வருகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் வியப்போடு கேட்பார்கள். நாகர்கோவிலுக்கு நெடுங்காலமாகக் குடிநீர் தந்துவரும் முக்கடல் அணையின் முழு உயரம் 25 அடி மட்டுமே. மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் நீர்மட்டம் 'மைனஸ்' கணக்கில் நாளிதழ்களில் வருவதும் உள்ளூர் மக்களுக்குப் பழகிய செய்தியே. புத்தன் அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டம் வகுக்கப்பட்டது இதனால்தான்.

தண்ணீரைக் கூடுதலாகக் கொண்டுவருவது ஒரு பாதி. வந்த தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது மறு பாதி. இதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய முறை ஒன்று உண்டு. குழாய் வலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு மீட்டரை வைப்பார்கள். இரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை வீடுகளில் தண்ணீர்ப் பயன்பாடு மிகக் குறைவு. அந்த நேரத்திலும் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்றால், அப்பகுதியில் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது, அல்லது கணக்கில் வராத இணைப்பு இருக்கிறது. நாள் முழுவதும் குழாயில் நீர் நிறைந்திருக்கும் ஊர்களில் இந்தக் கணக்கு சரியாக வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வால்வு திறக்கும் ஊர்களில் இதை அப்படியே செய்ய முடியாது. சோதனைக்காக ஒரு பகுதியில் மட்டும் ஓரிரவு நீரை நிறுத்தாமல் விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது மேல்நிலைத் தொட்டியிலிருந்து வெளியேறிய அளவையும் வீடுகளுக்குச் சென்ற அளவையும் ஒப்பிட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வெளிநாட்டு முறையை அப்படியே வாங்கிப் பொருத்தினால் மீட்டருக்குக் கொடுத்த பணம் வீண்.

இன்னும் சிறியதோர் ஏற்பாடு: வால்வு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக அத்தெருவில் உள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. வால்வு திறக்கும் ஊழியர் வரும் நேரம் யாருக்கு முதலில் தெரிகிறதோ அவர் வீட்டுத் தொட்டிதான் முதலில் நிறைகிறது என்பதே இன்றைய நிலை. கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இந்தக் குறுஞ்செய்தி ஒரு நாள் சம்பளத்தை மிச்சப்படுத்தும்.

பாசனத்துக்கும் இதே கருத்து பொருந்தும். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் 18 அடி என்ற முழு அளவுகளையும், அன்றைய நீர்மட்டத்தையும் குமரி மாவட்டத்து நாளிதழ் வாசகர்கள் பலரும் மனப்பாடமாகவே சொல்வார்கள். அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது இவ்வாறு ஊரறிந்த செய்தி. சானலின் கடைவரம்புக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதுதான் அந்த அட்டவணையில் இல்லை. அனந்தனார் சானலிலும் தோவாளை சானலிலும் பிரிவு மடைகள் தோறும் நீர்மட்டக் கருவிகளை வைத்து, அந்த எண்களையும் அணைகளின் எண்களோடு சேர்த்து வெளியிட்டால், தண்ணீர் வரவில்லை என்ற சண்டைக்குப் பதிலாக எங்கே நின்றது என்ற கேள்வி எழும்.

வெள்ளத்தைக் கணினி முன்கூட்டிச் சொல்லுமா?

மழை எங்கே, எவ்வளவு பெய்யும் என்பதைத் துல்லியமாகச் சொல்வது இன்றும் கடினம். மலையில் பெய்த மழை ஊருக்குள் எப்போது வரும் என்பதைச் சொல்வது அவ்வளவு கடினம் அன்று. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. அணைகளின் மறுகால் மதகுகள் திறந்தால் குழித்துறை சப்பாத்தின் (தரைப்பாலத்தின்) மேல் தண்ணீர் ஏறுவதும், திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வருவதும் ஆண்டுதோறும் நாம் காண்பவை. மலைப்பகுதி மழைமானிகள், அணைக்கு வரும் நீரின் அளவு, ஆற்றின் அகலமும் ஆழமும் ஆகியவற்றைக் கணினியில் சேர்த்தால், மறுகால் நீர் எந்தெந்த ஊரை எத்தனை மணிக்கு எட்டும் என்பதைக் கணக்கிட முடியும். 2006-இல் உகாய் அணையின் நீரால் பெருவெள்ளத்துக்கு உள்ளான சூரத் நகரம், அதன்பின் அணைக்கு மேலேயுள்ள மழை முதல் நகரத் தெருக்கள் வரை இணைத்து இத்தகைய எச்சரிக்கை முறையை அமைத்துக்கொண்டது.

கணக்கைவிட, அது மக்களிடம் எந்தச் சொற்களில் வந்து சேர்கிறது என்பதே முக்கியம். "ஆற்றங்கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்ற அறிவிப்பைக் கேட்கும் ஒருவர், அது தம் வீட்டைக் குறிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்? எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எத்தனை அடி ஏறும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செல்ல வேண்டும் என்று சொன்னால்தான் அது எச்சரிக்கை. ட்ரோன் மூலம் எடுக்கப்படும் மேடு பள்ள வரைபடம் இருந்தால் இவ்வளவையும் சொல்லலாம். குறிப்பிட்ட அலைபேசிக் கோபுரங்களின் கீழ் உள்ள கைப்பேசிகளுக்கு மட்டும் ஒரே நேரத்தில் ஒலியுடன் எச்சரிக்கை அனுப்பும் வசதி 2023-இல் நாடு முழுவதும் சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்கு இணையமோ செயலியோ தேவையில்லை. 2021 நவம்பர் மழையில் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்ததோடு நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண்சரிவும் ஏற்பட்டது. சாலை, ரயில், அணை, ஆறு ஆகிய துறைகளின் தகவல்கள் ஒரே வரைபடத்தில் இருக்க வேண்டியதன் தேவையை அந்த நாட்களே காட்டின. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில உதவி எண் 1070 ஆகியவற்றைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பது எல்லாருக்கும் பயன்படும்.

கடலோர ஊர்களுக்கு இதனால் என்ன பயன்?

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வீசிய ஒக்கி புயல் இதற்கு மறக்க முடியாத விடையைத் தந்துவிட்டது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மிக வேகமாகப் புயலாக வலுத்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள்; வயர்லெஸ் கருவிகளின் எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுக்குச் செய்தி சேரவே வழியில்லை. கரைக்கு எட்டிய எச்சரிக்கை கடலுக்கு எட்டாமல் போனது. அதன்பின் செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி அனுப்பும் கருவிகளை இஸ்ரோ உருவாக்கியது. ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் அவற்றைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கருவி படகில் இருப்பது மட்டும் போதாது. அது தமிழில் பேச வேண்டும், மின்கலம் பல நாள் தாங்க வேண்டும், ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் கரையில் இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்ல ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்.

கரையில் நிற்பவர்களுக்கு உரியது கள்ளக்கடல். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழும் புயலின் அலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில், திடீரென்று கரையேறும். மேற்குக் கடற்கரை மீனவர்களின் இந்தப் பெயரையே அறிவியலாளர்களும் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோதும் அத்தகைய அறிவிப்பு நடப்பில் இருந்தது. மீனவர் ஊர்களில் ஆலய ஒலிபெருக்கி மூலம் செய்தி பரவிவிடுகிறது. வெளியூரிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிக்கு அந்த ஒலிபெருக்கி தெரியாது. கடற்கரைக்கு இறங்கும் ஒவ்வொரு வழியிலும் மின்னணுப் பலகை ஒன்று, அதன் அருகில் ஒரு காவலர் என்ற அளவுக்கு அந்தத் தகவலின் கடைசி நூறு மீட்டரை நிறைவு செய்தாக வேண்டும்.

பேருந்துப் பயணம் எப்படி மாறும்?

அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தெரிந்தாலே பாதி மாற்றம் வந்துவிடும். வடசேரியிலும் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்திலும் நிற்பவர்களுக்காவது நேரக்காப்பாளர் இருக்கிறார். கிளைச்சாலை பிரியும் ஒரு விலக்கில் குழந்தையோடு நிற்பவருக்கு யார் இருக்கிறார்? பேருந்து வராது என்ற ஐயமே பலரை இருசக்கர வாகனம் வாங்க வைக்கிறது.

2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, பேருந்து நேர அட்டவணையை வரைபடச் செயலிகள் படிக்கக்கூடிய ஒரு பொது வடிவத்தில் எழுதும் முறையை உருவாக்கின. இன்று உலகின் ஏராளமான நகரங்கள் பின்பற்றும் முறை அதுவே. அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். நேர அட்டவணையும் நிறுத்தங்களின் இருப்பிடமும் சரியாகத் தொகுக்கப்பட்டால் போதும். ஜி.பி.எஸ். அதற்கு அடுத்த படி.

நம்மிடம் ஏற்கெனவே இருந்தும் அதிகம் பேசப்படாத ஒரு செல்வம் பயணச்சீட்டு இயந்திரம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு வழங்கப்படுகிறது. எந்த நிறுத்தத்தில், எந்த நேரத்தில், எத்தனை பேர் ஏறினார்கள் என்ற பதிவு இவ்வாறு நாள்தோறும் சேர்கிறது. தனி நபர் விவரங்கள் ஏதும் இல்லாத அந்தத் தொகையைப் படித்தாலே, காலை எட்டு மணிக்குக் கூட்டம் பிதுங்கும் தடம் எது, மதியம் காலியாக ஓடும் தடம் எது என்பது விளங்கும். புதிய ஆய்வுக்கு ஆலோசனை நிறுவனத்தை அமர்த்துவதற்கு முன் இதைச் செய்யலாம்.

மார்த்தாண்டம், நாகர்கோவில் நெரிசலுக்குத் தானியங்கி சிக்னல் தீர்வாகுமா?

ஓரளவுக்கு மட்டுமே. வாகனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல், அகலமான சாலைகள் சந்திக்கும் இடங்களில் நன்றாக வேலை செய்யும். நமது சந்திப்புகளில் சிக்கல் வேறு: சாலையோர நிறுத்தம், ஒரே நேரத்தில் விடும் பள்ளிகள், கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் கனரக லாரிகள். லாரிகளுக்குக் குறித்த நேரக் கட்டுப்பாடு, எடைமேடைப் பதிவு, கனிமம் ஏற்றிச் செல்வதற்கான இணையவழி நடைச்சீட்டு, எண்பலகையைப் படிக்கும் கேமரா ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் மீறல்கள் தாமாகவே தெரியவரும். இது பெரிதும் விருப்பத்தைப் பொறுத்தது, கருவியைப் பொறுத்தது குறைவு.

குப்பை மேலாண்மையில் செயலிகளும் கியூஆர் குறியீடுகளும் உண்மையில் உதவுகின்றனவா?

உதவுகின்றன, ஆனால் அவை உதவுவது குப்பையைப் பிரிப்பதற்கு அன்று, பிரித்தார்களா என்பதைத் தெரிந்துகொள்வதற்கே. எல்லைக்கு அப்பால் கேரளத்தில், ஹரித கர்ம சேனை என்னும் பெண்கள் குழுவினர் வீடு வீடாகச் சென்று மட்காத குப்பையைச் சேகரிக்கிறார்கள். வீட்டு வாசலில் ஒட்டப்பட்ட கியூஆர் குறியீட்டை அவர்கள் கைப்பேசியில் படித்ததும், அந்த வீட்டுக்குச் சென்ற நாளும் பயனாளர் கட்டணமும் பதிவாகிவிடும். எந்த வார்டில் எந்த வீடு விடுபட்டது என்பதை அலுவலகத்திலிருந்தே காணலாம். அந்த ஏற்பாட்டின் வலிமை குறியீட்டில் இல்லை. மாதச் சம்பளத்துக்கு ஈடாக வருமானம் பெற்று, அதே ஊரில் வாழ்ந்து, வீட்டுக்காரர்களை முகம் அறிந்த பெண்களிடம் இருக்கிறது.

தென் கொரியா இன்னொரு வழியைக் காட்டுகிறது. உணவுக் கழிவை நிலத்தில் கொட்டுவதற்கு 2005-இல் தடை விதித்த அந்த நாடு, 2013 முதல் கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. அடுக்குமாடிகளில் உள்ள தொட்டிகள், அட்டையைக் காட்டினால் திறந்து, போட்ட கழிவை எடைபோட்டுக் கணக்கில் ஏற்றிவிடும். இதைக் குமரி மாவட்டத்தில் அப்படியே செய்ய வேண்டிய தேவை இல்லை. இங்கே பெரும்பாலான வீடுகளில் தென்னையோ வாழையோ நிற்கும் மரத்தடி இருக்கிறது. சமையலறைக் கழிவு அங்கேயே உரமாகிவிடும். அளந்து கட்டணம் வாங்க வேண்டியது திருமண மண்டபங்கள், உணவகங்கள், சந்தைகள், கன்னியாகுமரியின் தங்கும் விடுதிகள் ஆகியவற்றிடமே. நாகர்கோவிலில் வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்குக்குச் செல்லும் வண்டிகளை எடைபோட்டு, எந்த வார்டிலிருந்து எவ்வளவு, அதில் பிரிக்கப்பட்டது எவ்வளவு என்பதை வாரந்தோறும் வெளியிட்டால், வார்டு உறுப்பினர்களிடம் கேள்வி கேட்க மக்களுக்கு ஓர் எண் கிடைக்கும்.

எல்லை கடந்து வரும் கழிவு தனிச் சிக்கல். 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டிருந்ததும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி கேரளம் அவற்றை லாரிகளில் திரும்ப எடுத்துச் சென்றதும் பலருக்கு நினைவிருக்கும். மருத்துவக் கழிவுப் பைகளில் பட்டைக் குறியீடு இடுவது சட்டப்படி கட்டாயம். அந்தக் குறியீட்டை மருத்துவமனையில் படிப்பதோடு, களியக்காவிளை போன்ற சோதனைச் சாவடியிலும் படிக்க முடிந்தால் வண்டி எங்கிருந்து கிளம்பியது என்பதில் வாதத்துக்கு இடமிருக்காது.

குளங்களைச் செயற்கைக்கோள் காப்பாற்றுமா?

காட்டிக்கொடுக்கும், காப்பாற்றுவது வருவாய்த் துறையின் வேலை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ள மாவட்டம் இது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல் செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை எடுக்கும் படங்கள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன; அவற்றுள் ரேடார் படங்கள் மேகத்தையும் ஊடுருவிப் பார்ப்பதால், இரண்டு மழைக்காலங்கள் உள்ள நமக்கு அவை மிகவும் ஏற்றவை. அந்தப் படத்தின் மேல், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் அதன் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் பொருத்தினால், ஏட்டில் குளமாக இருப்பது தரையில் என்னவாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும். திருவிதாங்கூர்க் காலத்துப் பழைய ஆவணங்கள் மலையாளத்தில் இருப்பதால், அவற்றையும் படித்து இணைப்பதற்கு அம்மொழி அறிந்த பழைய கிராம அலுவலர்களின் உதவி இருக்கும்போதே பணியை முடித்துக்கொள்வது நல்லது.

மின்சாரச் செலவு குறையுமா?

தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றி, எரியாத விளக்கைத் தானாகத் தெரிவிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பொருத்துவது உள்ளாட்சிகளுக்கு விரைவில் பலன் தரும். வீடுகளுக்கு, 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரியசக்தித் திட்டத்தில் மூன்று கிலோவாட் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழையும்போதே முப்பந்தல் காற்றாலைகளைக் காணும் நமக்கு ஒன்று தெரியும்: தென்மேற்குப் பருவக்காற்றில் அவை சுழலும் வேகம் மற்ற மாதங்களில் இராது. காற்றையும் வெயிலையும் முன்கூட்டிக் கணிக்கும் மென்பொருள் மின்வாரியத்துக்கு இன்றியமையாதது என்பதற்கு அதுவே காரணம்.

திறன்பேசி இல்லாதவர்களும் முதியவர்களும் என்ன செய்வார்கள்?

பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் தனியாக ஊரிலும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். ஆகவே, எந்தச் சேவையும் செயலியில் மட்டும் கிடைக்கும் நிலை வரக்கூடாது. தொலைபேசி அழைப்பு, இ-சேவை மையம், நேரில் மனு ஆகிய வழிகளில் வரும் புகாருக்கும் இணையப் புகாருக்கும் ஒரே வரிசை எண் தரப்பட வேண்டும். விளை நடுவே, தெருப்பெயரும் கதவு எண்ணும் ஒழுங்காக இல்லாத வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் வழி தேடி அலைவதைக் குறைக்க, அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின் உதவும். ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் அது எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கத் தனிக் குறியீட்டைத் தருகிறது. வீட்டு முகப்பில் அதை எழுதி வைக்கலாம்.

கேமராக்களும் தரவுகளும் நம்மைக் கண்காணிப்பதற்கு இடம் தராதா?

தரும். கனடாவின் டொராண்டோ நகரில் கூகுளின் சகோதர நிறுவனம் 2017-இல் அறிவித்த ஏரியோர நகர்த் திட்டம், மக்களின் தரவு யாருக்குச் சொந்தம் என்ற எதிர்ப்பைத் தொடர்ந்து சந்தித்து, 2020 மே மாதத்தில் கைவிடப்பட்டது. பொருளாதார நிலையைக் காரணமாக நிறுவனம் கூறியது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அரசுக்கு அதில் விரிவான விலக்குகளும் இருக்கின்றன. எனவே, தண்ணீர், குப்பை, பேருந்து போன்றவற்றை அளக்கும் கருவிகளையும் மனிதர்களைப் பதிவு செய்யும் கருவிகளையும் ஒரே திட்டமாகக் கட்டிக் கொண்டுவரும்போது, இரண்டாவதைத் தனியாகப் பிரித்து உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் விவாதிக்கக் கோரலாம். காட்சிகள் எத்தனை நாள் சேமிக்கப்படும், யார் பார்க்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் வாங்க வேண்டும்.

சிறிய பேரூராட்சி ஒன்றால் இவ்வளவும் முடியுமா?

தனியாக முடியாது, முயலவும் வேண்டாம். ஒவ்வொரு பேரூராட்சியும் தனித்தனி நிறுவனத்திடம் தனித்தனிச் செயலி வாங்கினால், மூன்று ஆண்டுகளில் ஒப்பந்தம் முடிந்ததும் கடவுச்சொல் தெரிந்தவர் மாறுதலாகிப் போனதும் அனைத்தும் நின்றுவிடும். வரைபடம், புகார்ப் பதிவு, தரவுச் சேமிப்பு ஆகியவை மாவட்ட அளவில் பொதுவாக இருக்கட்டும். மீட்டர் வைப்பதும், பழுதுபார்ப்பதும், மக்களுக்குப் பதில் சொல்வதும் பேரூராட்சியின் பங்காக இருக்கட்டும். மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இறுதியாண்டு மாணவர்களின் செய்முறைத் திட்டமாக ஒரு குளத்துக்கு நீர்மட்டக் கருவி செய்து தரச் சொன்னால் செலவும் குறையும், பழுதானால் அழைப்பதற்கு அருகில் ஆளும் கிடைக்கும்.

ஒப்பந்தம் எழுதும்போது மூன்று நிபந்தனைகளைச் சேர்ப்பது பலன் தரும். திரட்டப்படும் தரவு உள்ளாட்சிக்கே சொந்தம். கருவி விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பும் சேர்ந்தே மதிப்பிடப்படும். பழுதான கருவிகளை 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி விற்றவரே திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் ஆண்டுக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரு குப்பை வண்டித் தடம், ஒரு குளம் என்ற அளவு போதும்; அவற்றின் எண்களை ஒவ்வொரு மாதமும் மன்றக் கூட்டத்தின் முதல் பொருளாக வைத்துப் படித்து, அதற்கு அடுத்த மாதம் என்ன செய்தோம் என்பதையும் அதே ஏட்டில் எழுதி வர வேண்டும்.